கணினியும் காத்திராத எழுத்தும்

எழுதுதல் என்றால் ஒரு பொருளின்மேல் நிலையான அடையாளம் இடுதல் என்றே மக்கள் நெடுங்காலமாகப் பொருள் கொண்டு வந்துள்ளனர். ஓலையில் எழுத்தாணி கீறிய கணமே எழுத்து உண்டாயிற்று. தாளில் மை உலர்ந்ததும் வேலை முடிந்தது. எழுதியவர் எழுந்து போகலாம். எழுத்து அங்கேயே இருக்கும். கணினியில் மட்டும் நிலைமை வேறாக இருக்கின்றது. கணினி "எழுதிவிட்டேன்" என்று சொல்லும் பொழுது, அச்செய்தி பெரும்பாலும் இன்னும் எங்கும் எழுதப்படவில்லை. அது எழுதப்படுவதற்காகக் காத்திருக்கின்றது, அவ்வளவே. இந்த இடைவெளியே கணினியின் விரைவுக்குக் காரணம். சில வேளைகளில் அரிய தரவுகள் அழிந்துபோவதற்கும் அதுவே காரணம்.

இதனை விளங்கிக்கொள்ளத் தபாற் கந்தோர் நல்லதோர் உதாரணமாகும். ஒருவர் ஒரு கடிதத்தை எழுதி, தெருமுனையிலுள்ள தபாற் பெட்டியில் இட்டுவிட்டு வீடு திரும்புகின்றார். யாராவது கேட்டால், "கடிதம் அனுப்பியாயிற்று" என்பார். உண்மையில் கடிதம் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் கிடக்கின்றது. குறித்த நேரத்தில் பெட்டி திறக்கப்படும் வரை அது ஓர் அங்குலமும் நகராது. ஆயினும் அவர் பெட்டியருகே காத்து நிற்பதில்லை. நின்றால் அன்றைய அலுவல் எதுவும் நடவாது. கடிதம் மிக முக்கியமானதாயின், அவர் தபாற் கந்தோருக்கே சென்று, பதிவுத் தபாலில் சேர்த்து, பற்றுச்சீட்டுப் பெற்று வருவார். அதற்கு நேரமும் செலவாகும், பணமும் செலவாகும். எந்தக் கடிதத்தைப் பெட்டியில் இடலாம், எதனைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று பகுத்தறிவதே விவேகம். கோப்புகளில் தரவை எழுதும் செய்நிரலரின் விவேகமும் இதுவேயாகும்.

கணினி ஏன் இவ்வாறு கடிதத்தைப் பெட்டியில் இட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கின்றது? அதன் செயலிக்கும் அதன் வன்தட்டுக்கும் இடையே உள்ள வேக வேறுபாடே காரணம். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் வன்தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு 120 முறை சுற்றுகின்றது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி செக்கன் ஆகின்றது. எழுத வேண்டிய இடம் எழுதுமுனையின் கீழே வந்து சேர்வதற்குச் சராசரியாக அரைச்சுற்று நேரம் பிடிக்கும். எழுதுமுனை உரிய தடத்துக்கு நகர்வதற்கு மேலும் சில மில்லி செக்கன்கள் வேண்டும். ஆக மொத்தம் பத்து மில்லி செக்கன் என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு முந்நூறு கோடி துடிப்புகளில் இயங்கும் செயலி அந்த நேரத்தில் மூன்று கோடி துடிப்புகளைக் கழித்துவிடுகின்றது. ஒரு வரியை எழுதிவிட்டுத் தட்டின் பதிலுக்காகக் காத்திருப்பதென்பது, செயலியின் கணக்கில் ஒரு யுகம் காத்திருப்பதற்கு ஒப்பாகும். சுழலும் தட்டுக்குப் பதிலாக இன்று பரவலாக வழங்கும் திண்ம நிலைச் சேமிப்பகங்கள் பன்மடங்கு விரைவானவை. எனினும் நினைவகத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் அவையும் மந்தமானவையே.

இந்த வேறுபாடு புதிதன்று. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணினியுடன் முதலாவது வணிக வன்தட்டை வெளியிட்டது. இருபத்துநான்கு அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 தடவை சுழன்றன. அவற்றில் ஐம்பது இலட்சம் எழுத்துகள் அடங்கின. ஓர் எழுத்தைத் தேடி அடையச் சராசரியாக அரைச் செக்கனுக்கும் சற்று அதிகமான நேரம் ஆயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 709 என்னும் கணினியில் ஒரு புதுமை புகுத்தப்பட்டது. காந்த நாடா, துளை அட்டை ஆகியவற்றோடு தரவைப் பரிமாறும் பொறுப்பு, செயலியிடமிருந்து எடுக்கப்பட்டு, "கால்வாய்" எனப்படும் தனிக்கருவியிடம் ஒப்படைக்கப்பட்டது. செயலி கட்டளையை மாத்திரம் இட்டுவிட்டுத் தன் கணக்கைத் தொடரும். கால்வாய் தன் வேலையைத் தனியே செய்யும். முதலாளி கணக்கப்பிள்ளையிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு, தம் அலுவலைத் தொடர்வது போன்றது இது. காத்திராது எழுதும் முறையின், அதாவது கலைச்சொல்லால் ஒத்தியங்கா முறை என வழங்குவதன், வேர் இத்தகைய ஒப்படைப்பிலேயே இருக்கின்றது.

இம்முறையைச் சாதாரண செய்நிரல்கள் தம்மை அறியாமலே பயன்படுத்தும்படி செய்தது யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை ஆகும். பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டு முதல் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கிய இம்முறைமையில், ஒரு செய்நிரல் கோப்பில் எழுதுமாறு கேட்டால், முறைமை அத்தரவை நினைவகத்திலுள்ள ஓர் இடையகத்தில் பிரதி செய்துகொண்டு, "ஆயிற்று" என்று உடனே பதிலளிக்கும். இடையகத்தில் சேர்ந்தவற்றைப் பின்னணியில் இயங்கும் ஒரு சிறு செய்நிரல் முப்பது செக்கனுக்கு ஒருமுறை தட்டுக்கு அனுப்பி வைக்கும். இன்று உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் முறைமையிலும் இவ்வழக்கம் நீடிக்கின்றது. மாற்றி அமைக்கப்படாத லினக்ஸ் முறைமை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும். முப்பது செக்கனுக்கு மேல் காத்திருக்கும் தரவை அது தட்டுக்கு அனுப்பும்.

இதனால் வரும் நன்மை காத்திருப்பு ஒழிவது மட்டுமன்று. ஒரே இடத்தில் ஒரு செக்கனுள் நூறு தடவை திருத்தி எழுதினாலும், தட்டுக்குச் செல்வது இறுதித் திருத்தம் ஒன்றே. சிதறிக் கிடக்கும் பல சிறு எழுத்துகளை ஒழுங்குபடுத்தி, எழுதுமுனை அங்குமிங்கும் அலையாதபடி ஒரே நடையில் எழுதவும் முடிகின்றது. தபாற்காரர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு நடை போகாமல், தெருவாரியாக அடுக்கிக்கொண்டு புறப்படுவது போன்றது இது.

எனினும் யூனிக்ஸ் முறையில் ஒரு குறை இருந்தது. நினைவகம் நிறைந்துவிட்டாலோ, இடையகத்தைப் பயன்படுத்தாது நேரே தட்டில் எழுத வேண்டியிருந்தாலோ, செய்நிரல் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கவே நேரிட்டது. ஆகவே, ஒப்படைப்பையும் முடிவறிவிப்பையும் வெளிப்படையாக இரண்டாகப் பிரித்த முறைமைகள் தோன்றின. டிஜிற்றல் நிறுவனம் 1977இல் அறிவித்த வி.எம்.எஸ். முறைமையில், வேண்டுகோளை வரிசையில் இட்டுவிட்டு உடனே திரும்பும் வசதி அடிப்படையிலேயே அமைந்திருந்தது. அதன் ஆக்கத்தில் முன்னின்ற டேவிட் கட்லர் பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் விண்டோஸ் என்.டி. முறைமைக்கும் தலைமை தாங்கினார். 1993இல் வெளிவந்த அம்முறைமையிலும் அதே வசதி இடம்பெற்றது.

லினக்ஸ் முறைமை இவ்விடயத்தில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. அதில் இருந்த பழைய வசதி, இடையகத்தைத் தவிர்த்து நேரே தட்டில் எழுதும் செய்நிரல்களுக்கு மாத்திரமே பொதுவாகப் பயன்பட்டது. ஜென்ஸ் அக்ஸ்போ என்பவர் ஆக்கி, 2019 மே மாதத்தில் லினக்ஸின் 5.1ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஐஓ-யூரிங் என்னும் அமைப்பே இக்குறையைத் தீர்த்தது. அதன் அமைப்பு எளிமையானது. செய்நிரலும் முறைமையும் ஒருங்கே பார்க்கக்கூடிய நினைவகப் பகுதியில் இரண்டு வட்ட வரிசைகள் உள்ளன. ஒன்று வேண்டுகோள் வரிசை. மற்றையது முடிவு வரிசை. செய்நிரல் தன் வேண்டுகோள்களை முதலாவது வரிசையில் அடுக்கி, பலவற்றை ஒரே அழைப்பில் ஒப்படைக்கின்றது. வேலை முடிய முடிய, முறைமை அவற்றின் முடிவுகளை இரண்டாவது வரிசையில் இடுகின்றது. ஒவ்வொரு முடிவிலும், எந்த வேண்டுகோளுக்குரியது என்னும் அடையாளமும், எத்தனை பைற்று எழுதப்பட்டது அல்லது என்ன பிழை நேர்ந்தது என்னும் எண்ணும் இருக்கும்.

இவ்வாறு ஒப்படைத்துவிட்டுப் போகும் செய்நிரலுக்குச் சில கடமைகள் உண்டு. முதலாவது, ஒப்படைத்த தரவு இருக்கும் இடையகத்தை, முடிவு வரும் வரை தொடலாகாது. எழுத்துக்கோப்பவர் படியைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுக் கோத்திருக்கையில், ஆசிரியர் அதே படியில் அடித்துத் திருத்தினால், அச்சில் பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும் அல்லவா? கோப்பிலும் அவ்வாறே நேரும். இத்தகைய பிழை ஆயிரம் முறை ஓட்டினால் ஒரு முறையே தலைகாட்டும். ஆதலால் அதனைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இரண்டாவது, முன்னர் ஒப்படைத்தது முன்னரே முடியும் என்று நம்பலாகாது. ஐஓ-யூரிங் வரிசையில் ஓர் எழுத்து வேண்டுகோளையும், அதன் பின்னே "எழுதியதை நிலைப்படுத்துக" என்னும் வேண்டுகோளையும் சேர்த்து இட்டால், இரண்டாவது முதலாவதை உள்ளடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அவ்விரண்டையும் சங்கிலியாகப் பிணைத்து அனுப்ப வேண்டும்; அன்றேல், முதலாவதன் முடிவு வந்த பின்னரே இரண்டாவதை ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது, முடிவு வரிசையில் வரும் ஒவ்வொரு பதிலையும் வாசித்தே ஆகவேண்டும். கேட்ட அளவு முழுவதும் எழுதப்பட்டதா, பாதியில் நின்றதா, தட்டு நிறைந்துவிட்டதா என்பன அங்கேதான் தெரியவரும். நான்காவது, ஒப்படைக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். தட்டால் எழுத முடிவதைவிட அதிகமாகத் தரவு வந்துகொண்டேயிருந்தால், காத்திருக்கும் வரிசை நீண்டு நினைவகத்தை விழுங்கிவிடும். மதகு இல்லாத குளம் கரையை உடைப்பது போன்றதே இதுவும்.

இக்கடமைகள் யாவற்றையும் நிறைவேற்றிய பின்னரும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. "முடிந்தது" என்ற பதில் வந்துவிட்டால், தரவு பாதுகாப்பாக இருக்கின்றதா? இல்லை என்பதே விடை. இடையகத்தின் வழியே எழுதும் பொழுது, அப்பதில் தரவு இடையகத்தைச் சேர்ந்தது என்பதையே குறிக்கும். மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருப்பது யாவும் மறைந்துவிடும். சிறிய பென்டிரைவில் படங்களைப் பிரதி செய்து, திரையில் வேலை முடிந்ததாகக் கண்டவுடன் அதனைப் பிடுங்கி எடுத்து, பின்னர் திறந்து பார்த்துக் கோப்புகள் சிதைந்திருக்கக் கண்டவர் பலர். திரை பொய் சொல்லவில்லை. அது சொன்னது பெட்டியில் இட்ட செய்தி; எடுத்தவர் விளங்கிக்கொண்டது கடிதம் போய்ச் சேர்ந்த செய்தி.

பதிவுத் தபாலுக்கு நிகரான ஒரு வசதி கணினியிலும் உண்டு. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் "எப்சிங்க்" என்னும் அழைப்பு அறிமுகமாயிற்று. குறித்த ஒரு கோப்பின் தரவு முழுவதும் இடையகத்திலிருந்து தட்டுக்குச் சென்று சேரும் வரை இது திரும்பாது. ஆனால் தட்டுக்குள்ளேயும் ஒரு சிறு நினைவகம் உண்டு. தரவு அங்கே தங்கியிருந்தால், அதுவும் மின்சாரத்தோடு மறையலாம். லினக்ஸில் இவ்வழைப்பு பொதுவாகத் தட்டின் உள்நினைவகத்தையும் காலிசெய்யுமாறு கட்டளை இடுகின்றது. அப்பிள் நிறுவனத்தின் மக் முறைமையிலோ, அதற்கென வேறொரு தனிக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்நிறுவனத்தின் கையேடே கூறுகின்றது. பெயர் ஒன்றாயினும், உறுதிமொழி இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது.

இவ்வுறுதிமொழியைச் சரிவர விளங்கிக்கொள்ளாமையால் நேர்ந்த இரு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. 2008ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸின் புதிய கோப்பு முறைமையாகிய எக்ஸ்ற்-4 பொதுப் பயன்பாட்டுக்கு உகந்ததென அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே முறைப்பாடுகள் எழுந்தன. கணினி திடீரென நின்று மீண்டும் இயங்கிய பின், பல அமைப்புக் கோப்புகள் பெயரோடு மட்டும் இருந்தன. உள்ளே ஒரு பைற்றும் இல்லை. செய்நிரல்கள் புதிய தரவை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டி வந்தன. பழைய எக்ஸ்ற்-3 முறைமையில் ஐந்து செக்கனுக்குள் தரவு தட்டைச் சேர்ந்துவிடும். பெயர் மாற்றம் பதியுமுன் தரவும் பதிந்துவிடும். புதிய முறைமையோ, வேகத்தின் பொருட்டு, தட்டில் இடம் ஒதுக்குவதையே பிற்போட்டது. ஆகவே பெயர் மாற்றம் முதலில் பதிந்தது. தரவு பதியுமுன் மின்சாரம் நின்றது. அதன் ஆக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த தியடோர் சோ, எப்சிங்க் அழைப்பை இடாத செய்நிரல்களுக்கு அவ்வுறுதி ஒருபொழுதும் அளிக்கப்படவில்லை என விளக்கினார். எனினும், அத்தகைய பெயர் மாற்றத்தின் பொழுது தரவை முந்தி அனுப்பும் ஏற்பாடும் 2009ஆம் ஆண்டிலேயே செய்யப்பட்டது. இரண்டு பக்கத்து நியாயமும் இதில் அடங்கியிருக்கின்றது: செய்நிரலர் கேட்காத உறுதியை நம்பலாகாது, முறைமையை ஆக்குவோரும் மக்களின் வழக்கத்தை முற்றாகப் புறக்கணித்தல் ஆகாது.

மற்றைய நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. போஸ்ட்கிரஸ் என்பது உலகெங்கும் நிறுவனங்கள் நம்பிப் பயன்படுத்தும் தரவுத்தள முறைமை. அது எப்சிங்க் அழைப்பைத் தவறாது இட்டு வந்தது. அழைப்புத் தோல்வியுற்றால் மீண்டும் ஒருமுறை இட்டது. இரண்டாம் முறை வெற்றி என்று பதில் வந்தால், தரவு சேர்ந்தது என்று கொண்டது. 2018 மார்ச் மாதத்தில் கிரெய்க் ரிங்கர் என்பவர் இவ்வழக்கத்திலுள்ள ஆபத்தை எடுத்துக்காட்டினார். தட்டில் எழுத முடியாமற் போனால், லினக்ஸ் அப்பிழையை ஒருமுறை அறிவித்துவிட்டு, இடையகத்திலுள்ள அத்தரவை "எழுதப்பட்டது" என்றே குறித்துவிடும். ஆகவே இரண்டாவது அழைப்பின்போது எழுத வேண்டியது எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அந்த "வெற்றி" வெறுங்கை வெற்றி. தரவு தட்டிலும் இல்லை. அதனை மீட்க உதவும் முற்குறிப்பும் இனித் தேவையில்லை என்று அகற்றப்படலாம். ஆண்டுக்கணக்காக எவரும் ஐயுறாத ஓர் ஊகம் இவ்வாறு பொய்யாயிற்று. 2019 பெப்ரவரியில் வெளிவந்த திருத்தப் பதிப்புகளில் போஸ்ட்கிரஸ் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது. எப்சிங்க் ஒருமுறை தோல்வியுற்றதும், அது தன் இயக்கத்தையே நிறுத்தி, முற்குறிப்பிலிருந்து யாவற்றையும் மீட்டுத் தொடங்குகின்றது.

அம்முற்குறிப்பு யாது? பழைய வணிகரிடம் அதற்கு நல்ல உவமை உண்டு. கடையில் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தவுடன், கணக்கப்பிள்ளை அதனைச் சிட்டையில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்வார். பேரேட்டில் உரிய பக்கங்களைத் தேடிப் பதிவது ஓய்வாக மாலையில் நடைபெறும். நடுவே பேரேடு கெட்டுப்போனாலும், சிட்டையைக் கொண்டு மீளப் பதியலாம். தரவுத்தளங்களும் இவ்வாறே, மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டின் இறுதியில் எழுதி, அதனை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டு, உரிய இடங்களில் எழுதுவதைக் காத்திராத முறைக்கு விட்டுவிடுகின்றன. இக்கோட்பாட்டை விரிவாக வகுத்த ஏரீஸ் என்னும் முறை 1992இல் வெளியாயிற்று. அதனை ஆக்கியோருள் தலைமையானவர், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சி. மோகன் ஆவார்.

குறிப்பேட்டை உறுதிப்படுத்துவதற்கும் காத்திருப்பு வேண்டும். முன்னர் கூறிய வன்தட்டில், தன் உள்நினைவகத்தை நம்பாது, சுற்றுக்கு ஓர் உறுதிப்பாடு வீதமே செய்தால், செக்கனுக்கு ஏறக்குறைய 120 கொடுக்கல் வாங்கல்களே நடைபெறும். ஒரே கணத்தில் காத்திருக்கும் பலருடைய குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே உறுதிப்பாட்டில் எழுதினால் இத்தொகை பன்மடங்காகும். ஒரு வள்ளம் ஒருவரை ஏற்றிச் சென்றாலும் இருபதின்மரை ஏற்றிச் சென்றாலும் துறையைக் கடக்கும் நேரம் ஒன்றே அன்றோ? இன்னும் விரைவு வேண்டுவோர்க்குப் போஸ்ட்கிரஸ் வேறொரு வழியும் வைத்திருக்கின்றது. உறுதிப்பாட்டுக்குக் காத்திராமலே "ஆயிற்று" என்று பதில் கூறுமாறு அதனை அமைக்கலாம். அவ்வாறு அமைத்தால், இயக்கம் திடீரென நிற்கும் பொழுது, வழக்கமான அமைப்பில் கடைசி அரைச் செக்கனுக்குச் சற்று மேற்பட்ட காலத்துப் பதிவுகள் இழக்கப்படலாம். ஆனால் எஞ்சிய கணக்கு முரண்படாது நிற்கும். எத்தனை பேர் ஒரு பக்கத்தைப் பார்வையிட்டனர் என்னும் எண்ணிக்கைக்கு இந்த இழப்புப் பெரிதன்று. ஒருவர் வங்கியில் இட்ட பணத்துக்கோ அது பொறுக்க முடியாத இழப்பு.

ஆதலால் காத்திராது எழுதும் முறையைத் தீது என்று ஒதுக்குவதும் பேதைமை. அதனைக் கண்மூடி நம்புவதும் பேதைமை. உலகின் பெரும்பாலான எழுத்துகள் பெட்டியில் இடத்தக்க கடிதங்களே. சிலவற்றுக்கு மட்டும் பற்றுச்சீட்டு வேண்டும். அச்சில எவை என்று பணிசெயல் முறைமைக்குத் தெரியாது, தட்டுக்கும் தெரியாது. தரவு யாருடையது, அது போனால் யார் வருந்துவர் என்பதை அறிந்தவர் செய்நிரலர் ஒருவரே. "ஆயிற்று" என்னும் சொல்லைப் பயனாளரிடம் சொல்லுமுன், தமக்கு அச்சொல்லைச் சொன்னது இடையகமா, தட்டா என்று அவர் ஒருமுறை கேட்டறிதல் வேண்டும்.